அணி தோற்றால் சாக்லேட் கம்பெனிக்கு நஷ்டம் இல்லையா?

2006 கால்பந்து உலகக் கோப்பை சமயத்தில் இங்கிலாந்தில் மார்ஸ் சாக்லேட் தன் உறையில் பெயரையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'பிலீவ்' என்று அச்சடித்து விற்றது. 'நம்பு' என்று பொருள். இங்கிலாந்து அணியோ கால் இறுதியிலேயே வெளியேறிவிட்டது. ஜெயிக்குமா என்றே தெரியாத ஓர் அணியை நம்பி ஒரு கம்பெனி இவ்வளவு பணத்தைப் போடுவது சூதாட்டம் இல்லையா, தோற்ற மறுநாள் அந்த உறைகளை என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அணி தோற்றால் பொருளும் சேர்ந்து தோற்குமா என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நேரடியான பதில்: சரியாகத் திட்டமிட்டிருந்தால் தோற்காது. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். இங்கிலாந்து 2005 அக்டோபரிலேயே தகுதி பெற்றுவிட்டது. 'பிலீவ்' உறை 2006 ஏப்ரல் நடுவில் கடைக்கு வந்தது. போட்டி தொடங்கியது ஜூன் 9. ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷன் நகரில் இங்கிலாந்து போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோற்றது ஜூலை 1. அந்த உறை ஜூலை இறுதி வரைக்கும் என்று வந்தது. அதாவது மொத்தம் சுமார் பதினைந்து வாரத்தில், தோல்விக்கு முன்பே பத்து வாரத்துக்கு மேல் ஓடி முடிந்துவிட்டது. சாக்லேட் பார் விற்கும் பணம் அன்றன்றைக்குக் கல்லாவுக்கு வந்துவிடுகிறது. கோப்பை யாருக்கு என்று தெரியும்வரை அது காத்திருப்பதில்லை. எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகும் வாரங்களைத்தான் கம்பெனி காசு கொடுத்து வாங்குகிறது. ஓர் அணி நான்காவது ஆட்டத்தில் போனாலும் ஏழாவது ஆட்டத்தில் போனாலும், அந்த ஏப்ரலும் மே மாதமும் கையை விட்டுப் போகாது.

அந்தச் சொல்லையும் கவனியுங்கள். 'ஜெயிப்போம்' என்றோ 'சாம்பியன்' என்றோ எழுதியிருந்தால், ஜூலை 2 காலையில் கடையில் இருக்கும் ஒவ்வொரு பாரும் புண்ணைக் குத்தியிருக்கும். 'நம்பு' என்பதில் யாரை, எதை என்று எதுவும் இல்லை. தோற்ற பிறகும் அது பொய்யாகிவிடுவதில்லை. ஆள் முகத்தைப் போடாததும் அவர்களைக் காப்பாற்றியது. உறை கடைக்கு வந்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஏப்ரல் 29 அன்று, செல்சி கிளப்புடனான ஆட்டத்தில், இங்கிலாந்தின் நட்சத்திர வீரர் வெய்ன் ரூனிக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. அவரால் விளையாட முடியுமா என்று வாரக்கணக்கில் ஒரு நாடே அந்தப் பாதத்தைப் பற்றிப் பேசியது. உறையில் ரூனி படம் இருந்திருந்தால் அது பெரிய சங்கடம். வெறும் சொல்லாக இருந்ததால், அந்தக் கவலையோடு அது இன்னும் நன்றாகவே பொருந்தியது. அதே ரூனிதான் கடைசியில் போர்ச்சுகல் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் சாக்லேட், ஏன் இந்த மாதங்கள் என்பதற்கு வெயில் ஒரு காரணம். ஐரோப்பாவில் சாக்லேட் விற்பனை கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இரண்டையும் ஒட்டி ஏறும், ஜூன் ஜூலையில் இறங்கும். கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகி, மறுபடி இறுகும்போது மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். சாப்பிட்டால் தீங்கில்லை, ஆனால் பூசணம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். மக்கள் ஐஸ்கிரீம் பக்கம் போகிற அதே வாரங்களில்தான் உலகக் கோப்பையும், ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான யூரோவும் வழக்கமாக நடக்கின்றன. மந்தமான பருவத்தில் கடைக்காரர் கல்லாப் பக்கத்து இடத்தைச் சாக்லேட்டுக்கு விட்டுவைக்க ஒரு காரணம் வேண்டும். கால்பந்து அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. கத்தாரில் 2022 உலகக் கோப்பை நவம்பர், டிசம்பரில் வந்தபோது இந்தக் கணக்கு தலைகீழானது. கிறிஸ்துமஸ் சரக்குக்கே அலமாரி போதாத நேரம் அது.

இனி உறை விஷயம். பெயரை மாற்றினார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், செய்வது எளிதல்ல. முதல் கேள்வி, சட்டம் விடுமா? விடும். உறையில் இருந்தே ஆக வேண்டியது பொருள் இன்னதென்ற விவரம் (மார்ஸ் என்றால் மென்மையான நூகட்டும் கேரமலும் வைத்த பால் சாக்லேட் என்பது), சேர்மானப் பட்டியல், ஒவ்வாமை விவரம், எடை, தேதி, பொறுப்பான கம்பெனியின் முகவரி. வணிகப் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாவது, வாங்குபவர் கண்டுபிடிப்பாரா? கல்லா முன்னால் நிற்பவர் உறையைப் படிப்பதில்லை, நிறத்தைப் பார்த்துக் கை நீட்டுகிறார். அதனால்தான் கறுப்பு நிறமும் தங்க விளிம்பு போட்ட சிவப்பு எழுத்தின் சாயலும் அப்படியே இருந்தன. ஆங்கிலத்தில் மார்ஸ் நான்கு எழுத்து, பிலீவ் ஏழு எழுத்து. அதே நீள உறையில், இரண்டு முனைகளிலும் ஒட்டப்படும் பட்டைக்குள் போய்விடாமல் ஏழு எழுத்தை அடக்க வேண்டும். எழுத்து சிறுத்தால் தூரத்தில் இருந்து அடையாளம் தெரியாது.

அச்சு பெரும்பாலும் கிராவ்யூர் முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எஃகு உருளை. அதன் மேல் செம்புப் பூச்சு ஏற்றி, அதில் நுண்ணிய குழிகளாகப் படத்தைச் செதுக்கி, மேலே குரோமியம் பூசுவார்கள். ஆறு நிறம் என்றால் ஆறு உருளை. வேலைப்பாடு மாறினால் எந்தெந்த நிறத்தில் மாற்றம் இருக்கிறதோ அந்த உருளைகள் எல்லாம் புதிதாக வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை, செலவும் அதிகம். அதனால் சில நாள் ஓட்டத்துக்கு இது கட்டுபடியாகாது. அச்சான பிளாஸ்டிக் ஃபிலிம் சுருளாக ஆலைக்கு வரும். உள்பக்கம் விளிம்புகளில் மட்டும் ஒரு பசை தடவியிருக்கும். சூடு காட்டாமல், அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் வகை. சாக்லேட்டுக்குப் பக்கத்தில் சூட்டைக் கொண்டுபோக முடியாது என்பதாலும், இயந்திரம் வேகமாக ஓட வேண்டும் என்பதாலும் இந்த ஏற்பாடு. இந்தப் பசைக்கு ஆயுள் சில மாதம்தான். மிஞ்சிய சுருளை அடுத்த உலகக் கோப்பைக்கு எடுத்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு ஆண்டு கழித்து அது ஒட்டாது.

சிறப்பு உறைகளில் அடிக்கடி சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஃபிலிமின் ஓரத்தில் ஒவ்வொரு உறைக்கும் ஒரு சின்னக் கட்டம் அச்சாகியிருக்கும். இயந்திரத்தின் ஒளிக்கண் அதைப் பார்த்துத்தான் இந்த இடத்தில் வெட்டு என்று கத்திக்குச் சொல்கிறது. வழக்கமான உறையில் அந்தப் பாதையில் வேறு எதுவும் இராது. விளையாட்டுக்கென்று கொடி, பந்து, கோடு என்று வரைந்து தரும் ஓவியர் அந்தப் பாதையில் ஓர் அடர்நிறப் பட்டையை இழுத்துவிட்டால், ஒளிக்கண் அதையே அடையாளம் என்று எடுத்துக்கொள்ளும். வெட்டு எழுத்தின் நடுவில் விழும். கணினித் திரையில் இது தெரியவே தெரியாது. சுருள் ஓடும்போதுதான் தெரியும். ஆகவே முழு அச்சுக்கு முன்னால் ஒரு சோதனைச் சுருளை நிஜ இயந்திரத்தில், நிஜ வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் ஒப்புதல் தரக் கூடாது. இன்னொன்று பார்கோடு. உள்ளே இருக்கும் பொருளும் எடையும் மாறவில்லை என்றால் தனிப் பாரின் எண் மாற வேண்டாம். வெளிப்பெட்டிக்கு மட்டும் தனி எண் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கிடங்கில் எது சிறப்புச் சரக்கு, எது வழக்கமான சரக்கு என்று பிரிக்க முடியாமல் இரண்டும் கலந்து கடைக்குப் போகும்.

தோற்ற மறுநாள் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அதை முடிவு செய்வது இந்தச் சரக்குக் கணக்குதான். ஆலையில் இருந்து கிடங்கு, மொத்த வியாபாரி, தெருமுனைக் கடை என்று வழியில் எப்போதும் நான்கு வாரச் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2006-ல் இங்கிலாந்துக்கு உறுதியாக இருந்தது மூன்று குழு ஆட்டங்கள். கடைசி ஆட்டம் ஸ்வீடனுடன், ஜூன் 20. அன்றோடு கடையில் சிறப்பு உறை தீர வேண்டும் என்றால், ஆலையில் அதை மே 23 வாக்கிலேயே நிறுத்தியாக வேண்டும். போட்டி தொடங்கவே இல்லை, அதற்குள் நிறுத்துவது! அப்படிச் செய்தால் அணி முன்னேறும்போது கடையில் வெறும் பழைய உறைதான் இருக்கும். இறுதி ஆட்டம் வரை என்று அச்சடித்தால், தோற்றபோது நான்கு வாரச் சரக்கு தேங்கும். நடுவில் ஒரு நாளைப் பிடித்தே ஆக வேண்டும். எந்த நாள் என்பதைச் சொல்தான் தீர்மானிக்கிறது. தோல்விக்குப் பிறகும் முகம் சுளிக்க வைக்காத சொல் என்றால் கொஞ்சம் பின்னால் தள்ளலாம். மார்ஸ் ஜூலை இறுதி வரை வைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். சாக்லேட்டுக்குப் பல மாத ஆயுள் உண்டு, கெட்டுப்போகாது. சின்னக் கடைக்காரர்தான் பாவம். பெரிய அங்காடிகள் தள்ளுபடி போட்டுத் தீர்த்துவிடும், திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேசவும் அவர்களால் முடியும். மொத்த வியாபாரியிடம் ரொக்கம் கொடுத்து நான்கு பெட்டி வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. விளம்பரத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் நினைக்க வேண்டியது இவரைத்தான்.

உண்மையான அபாயங்களுக்கு வருகிறேன். முதலாவது, அணி தகுதியே பெறாமல் போவது. 2007 நவம்பர் 21 அன்று வெம்பிளியில் இங்கிலாந்து குரோவேஷியாவிடம் 2-3 என்று தோற்று யூரோ 2008-க்குப் போகவில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தும் போகவில்லை. உருளை செதுக்கிய பிறகு இப்படி நடந்தால் மொத்தமும் வீண். எனவே தகுதி உறுதியாகும் முன் வடிவமைப்புக்கு மட்டும் செலவழிக்கலாம், உருளைக்குக் கூடாது. இத்தாலி 2022 மார்ச் 24 அன்று பலெர்மோவில் வட மாசிடோனியாவிடம் 0-1 என்று தோற்று உலகக் கோப்பையைத் தவறவிட்டதை நினைத்துப் பாருங்கள். வழக்கம்போல் கோடையில் போட்டி இருந்து, மார்ச் வரை முடிவு தெரியவில்லை என்றால், உறை மாற்றத்துக்கு நேரமே போதாது. அப்போது விளம்பரப் படத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, உரிமைகள். கொடி யாருக்கும் சொந்தமில்லை. இங்கிலாந்து அணியின் மூன்று சிங்கச் சின்னம் அந்நாட்டுக் கால்பந்து சங்கத்துடையது. கோப்பையின் உருவமும் போட்டியின் சின்னங்களும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுடையவை. மார்ஸ் 2010 உலகக் கோப்பைக்கு உறையின் பின்னணியில் இங்கிலாந்தின் கொடியான புனித ஜார்ஜின் சிலுவையைப் போட்டது. அந்த ஆண்டு விளம்பரப் படத்தில், 1990-ல் அணியின் பாடலுக்கு ராப் பாடிய இங்கிலாந்து வீரர் ஜான் பார்ன்ஸையே திரும்பக் கொண்டுவந்தார்கள். 1990-ல் இங்கிலாந்து அரை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. தோல்வியில் முடிந்த ஒரு கோடைகூட இருபது ஆண்டு கழித்து இனிய நினைவாகிவிடுகிறது. நடந்து முடிந்ததை யாரும் தோற்கடிக்க முடியாது என்பதால் பழைய நினைவு எப்போதும் பாதுகாப்பான சரக்கு. ஆனால் 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டைனில் ஜெர்மனி இங்கிலாந்தை 4-1 என்று அடித்தபோது கொடி போட்ட உறைக்கு 'பிலீவ்' அளவு தாங்கும் சக்தி இருந்திருக்காது என்பது என் கருத்து.

போட்டியின் பெயரையே ஃபிஃபா சொந்தம் கொண்டாட முடியுமா என்பதற்கு ஜெர்மனியில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வழக்குப் போட்டது ஃபெரேரோ என்ற சாக்லேட் கம்பெனி. ஃபெரேரோ அங்கே டுப்லோ, ஹனூட்டா என்ற தன் இனிப்புப் பொட்டலங்களில் தேசிய அணி வீரர்களின் ஒட்டுப் படங்களைப் பல பத்தாண்டுகளாக வைத்து வருகிறது. ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் பிள்ளைகள் அதைச் சேர்ப்பார்கள். 'கால்பந்து உலகக் கோப்பை 2006' என்பதற்கான ஜெர்மன் சொற்றொடரை ஃபிஃபா வணிகக் குறியாகப் பதிவு செய்திருந்தது. 2006 ஏப்ரல் 27 அன்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், அது ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கும் சாதாரணச் சொல், யாருடைய பொருளையும் அடையாளம் காட்டவில்லை என்று அந்தப் பதிவை ஏற்க மறுத்தது. இது ஜெர்மனிக்கு மட்டும் பொருந்தும். மற்ற நாடுகளில் இதை நம்பி இறங்கக் கூடாது. போட்டி நடத்தும் நாடு சில சமயம் தனிச் சட்டமே போடும்.

மூன்றாவது அபாயம்தான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது: 'நம் அணி' என்னும்போது அந்த 'நாம்' யார்? பிரிட்டன் ஒரே சந்தை, ஆனால் கால்பந்தில் நான்கு நாடு. 2006-ல் இங்கிலாந்து மட்டும்தான் தகுதி பெற்றது. இங்கிலாந்தை நம்பு என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் போய்ச் சொன்னால் பாரை யாரும் தொடமாட்டார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மார்ஸ் பழைய பெயரிலேயே விற்றது. அந்தக் கோடையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் இங்கிலாந்தின் பிரிவில் இருந்த டிரினிடாட் அன்ட் டொபேகோவை ஆதரித்தார்கள். அந்த அணியில் ஜேசன் ஸ்காட்லாந்து என்ற வீரர் இருந்தார், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ்டன் கிளப்பில் ஆடியவர். இரண்டு விதமாக அச்சடித்து இரண்டு கிடங்குக்குப் பிரித்து அனுப்புவது கூடுதல் செலவுதான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஜெர்மனியில் 2016-ல் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. யூரோ போட்டிக்காக ஃபெரேரோ தன் கிண்டர் சாக்லேட் பெட்டியில் வழக்கமாக இருக்கும் சிறுவனின் முகத்துக்குப் பதிலாக, தேசிய அணி வீரர்களின் சின்ன வயதுப் படங்களைப் போட்டது. ஜெரோம் போவாடெங், இல்கய் குண்டோகன் படங்களும் அதில் இருந்தன. போவாடெங்கின் தந்தை கானாக்காரர், குண்டோகனின் குடும்பம் துருக்கியிலிருந்து வந்தது. இருவரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். பெகிடா என்ற குடியேற்ற எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஒரு முகநூல் பக்கம், யார் படம் என்றே தெரியாமல், இந்த முகங்களை எல்லாம் எதற்குப் போடுகிறீர்கள் என்று பொருமியது. அவர்கள் தேசிய அணி வீரர்கள் என்று தெரிந்ததும் நாடே திரும்பிக் கேட்டது. பலர் தங்கள் குழந்தைப் பருவப் படங்களைப் போட்டு ஆதரவு காட்டினார்கள். இனவெறியை ஏற்கமாட்டோம் என்று ஃபெரேரோ தெளிவாகச் சொல்லி, பெட்டியை மாற்றாமல் நின்றது. சரியாகச் செய்தார்கள். சில வாரம் கழித்து, லில் நகரில் உக்ரைனுடனான முதல் ஆட்டத்தில், கோல் கோட்டுக்குள் போகவிருந்த பந்தைப் பின்னால் சாய்ந்தபடி உதைத்து வெளியேற்றியது அந்தப் போவாடெங்தான். நம்பிக்கையை விற்கிறவர்கள், அதில் யாருக்கெல்லாம் பங்கு என்பதை முன்கூட்டியே தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரச்சினை வந்த பிறகு யோசித்தால் குரல் தடுமாறும்.

இதுவரை சொன்னதில் நாட்களும் அச்சு முறையும் உறுதியானவை. இதனால் விற்பனை எவ்வளவு ஏறியது என்று யாராவது துல்லியமாக ஓர் எண்ணைச் சொன்னால், அதைச் சந்தேகத்தோடு கேளுங்கள். 2006 ஜூலை பிரிட்டனில் அதுவரை பதிவானதிலேயே மிக வெப்பமான மாதம். வெயில் சாக்லேட்டைக் கீழே தள்ளுகிறது, கால்பந்து வீட்டில் கூட்டம் சேர்த்து தின்பண்டத்தை மேலே இழுக்கிறது, அலமாரியில் கூடுதல் இடம் கிடைத்தது தனியாக ஒரு காரணம். இவற்றில் இருந்து உறையின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். உறை மாறாத ஸ்காட்லாந்தை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே உறையும் மாறவில்லை, இங்கிலாந்து ஆட்டத்துக்கான ஆரவாரமும் இல்லை. இரண்டில் எது வித்தியாசத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஓரளவு நேர்மையான வழி, இங்கிலாந்துக்குள்ளேயே சில கடைகளுக்குச் சிறப்பு உறையையும் சில கடைகளுக்குப் பழைய உறையையும் அனுப்பி ஒப்பிடுவது. பெரும் செலவில் திட்டம் போட்டவர்கள் இப்படிப் பாதி நாட்டை விட்டுவைக்க மனம் வைப்பதில்லை என்பதால், பதில் மங்கலாகவே நிற்கிறது.

இப்போது இதைச் செய்ய நினைப்பவருக்குச் சட்டம் வேறு மாறியிருக்கிறது. பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல், சர்க்கரையும் கொழுப்பும் அதிகமுள்ள பொருட்களின் விளம்பரம் தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு முன் வரக் கூடாது. இணையத்தில் காசு கொடுத்து எந்த நேரத்திலும் விளம்பரம் செய்யக் கூடாது. பொருளைக் காட்டாமல் கம்பெனிப் பெயரை மட்டும் சொல்வதற்கு விலக்கு உண்டு. உறை இந்தத் தடைக்குள் வராது. எனவே உறையில் எழுதும் அந்த ஒரு சொல்லின் மதிப்பு 2006-ஐ விடக் கூடுகிறது.

கடைசியாக, தோற்றால் என்ன என்று மட்டும் கேட்டீர்கள். ஜெயித்துவிட்டால் என்ன என்பதற்கும் ஏற்பாடு வேண்டும். கோப்பை வந்த மூன்றாம் நாள் கடைகள் சிறப்பு உறை கேட்கும். உருளையில் இருந்து தொடங்கினால் அது வந்து சேர்வதற்குள் கொண்டாட்டம் அடங்கிவிடும். அதனால் வெற்றி உறைக்கு உருளை செதுக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பார் அடங்கிய கட்டுக்கு மேல் சுற்றும் அட்டைப்பட்டையை மட்டும் டிஜிட்டல் அச்சில் சில நாளில் எடுக்கலாம். அதன் வடிவமைப்பையும் வீரர் படங்களுக்கான எழுத்துப்பூர்வ அனுமதியையும் போட்டி தொடங்கும் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். வென்ற பிறகு கேட்டால் அதே அனுமதிக்கு விலை பல மடங்கு.